குதிகால் இல்லாத பாதம்: வாசகர் கேள்வி – பதில்

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் மீண்டும் நடக்கப் பழகுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடப்பதை விட்டுவிட்டு ஓடுவதைப் பற்றியே கேட்டிருந்தன. செயற்கைக் கால் பொருத்தும் பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் அந்தக் கடிதங்கள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. ‘நடக்க முடிந்தால் போதும்’ என்று சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் முடிவுகட்டிவிட்ட பிறகும், பயிற்சி அறையின் மூலையில் என்னைத் தனியே அழைத்து, ‘என்னால் ஓட முடியுமா?’ என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

ஓட்டப்பந்தய வீரர்கள் அணியும் செயற்கைக் கால் வளைந்த பட்டைபோல இருக்கிறதே தவிர, பாதம்போல இல்லை. விரல்களும் குதிகாலும் எங்கே போயின? — பள்ளி ஆசிரியை ஒருவர்

நடக்கும்போதும் ஓடும்போதும் கால் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை இரு வேறு வேலைகள். நடக்கையில், ஊன்றிய கால் ஏறக்குறைய ஒரு கம்பைப்போல நிமிர்ந்து நிற்க, உடல் அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. குதிகாலில் தொடங்கி விரல் நுனிவரை பாதம் உருண்டு செல்கிறது. ஓடுகையில் உடல் ஒவ்வோர் அடிக்கும் அந்தரத்திலிருந்து தரைக்கு வருகிறது. வந்து விழும் அந்த எடையைக் கால் மடங்கி வாங்கிக்கொண்டு, மறுகணமே மேலேயும் முன்னேயும் தள்ளிவிடுகிறது. தரையில் பட்டு எழும் பந்தின் வேலை அது.

இயற்கையான காலில் இந்த வேலையின் பெரும்பங்கைச் செய்வது குதிகாலுக்குப் பின்னால் கெட்டியான கயிறுபோலக் கையில் தட்டுப்படும் தசைநாண்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடுத்தர வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அந்தத் தசைநாண் சுமார் 35 ஜூல் ஆற்றலையும், பாதத்தின் வளைவு சுமார் 17 ஜூல் ஆற்றலையும் இழுபட்டுச் சேமித்துத் திருப்பித் தருவதாக 1987இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்படும்போது எலும்பும் தசையும் மட்டும் போவதில்லை; உடலின் மிகச் சிறந்த சுருள்வில் ஒன்றும் போய்விடுகிறது. ஓட்டத்துக்கான செயற்கைப் பாதத்தை வடிவமைப்பவர் திருப்பித் தர முயல்வது அந்தச் சுருள்வில்லைத்தான். விரலும் குதிகாலும் அதற்குத் தேவைப்படுவதில்லை. விரைந்து ஓடும் ஒருவரின் இயற்கையான பாதத்தைக் கவனித்தாலும், அதன் முன்பகுதி மட்டுமே தரையில் பட்டு எழுவதைக் காணலாம்.

இந்தத் தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்கரான வான் ஃபிலிப்ஸ் 1976இல், தம் 21ஆம் வயதில், நீர்ச்சறுக்கு விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மருத்துவமனையில் தமக்குத் தரப்பட்ட பாதத்தில் மனநிறைவு கொள்ளாத அவர், செயற்கை அவயவத் துறையையே படித்து, விண்வெளித் துறையில் கூட்டுப்பொருள்களைக் கையாண்ட பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து, கார்பன் இழையால் பாதம் செய்யத் தொடங்கினார். ஃப்ளெக்ஸ்-ஃபுட் என்ற அவருடைய நிறுவனம் 1984இல் உருவானது. பின்னர், சிறுத்தையின் பின்னங்கால் வளைவைப் பார்த்து ஓட்டத்துக்கென்றே ஒரு பாதத்தை வடிவமைத்து, அதற்குச் சிறுத்தையின் பெயரையே வைத்தார். 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை ஏமி மல்லின்ஸ் இரு கால்களிலும் அத்தகைய பட்டைகளை அணிந்து ஓடினார். இன்று நாம் ‘பிளேடு’ என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். மனிதப் பாதத்தின் உருவத்தைக் கைவிட்ட பிறகே அதன் வேலையைப் பிடிக்க முடிந்தது என்பதை இத்துறையின் மிகப் பெரிய பாடமாக நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பந்தயம் முடிந்து நிற்கும், இரு கால்களிலும் பிளேடு அணிந்த வீரரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கணமும் அசையாமல் நிற்கமாட்டார். எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாற்றிக்கொண்டே இருப்பார், அல்லது பக்கத்தில் இருப்பவர் தோளைப் பற்றிக்கொள்வார். குதிகால் இல்லாததால் பின்பக்கம் சாய்ந்தால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே பிளேடு அன்றாடம் அணிவதற்கானது அன்று.

அன்றாடம் நடப்பதற்கு அணியும் செயற்கைக் காலிலேயே ஓடிப் பழகக் கூடாதா? — கடை நடத்தும் வாசகர் ஒருவர்

அவசரத்துக்கு நாலடி ஓடலாம். அதைப் பயிற்சியாக்கிக்கொள்ள வேண்டாம். 1950களில் உருவாகி இன்றும் பரவலாக உள்ள ‘சாச்’ பாதத்தில் கணுக்கால் அசையாது. குதிகாலில் ஒரு மெத்தை மட்டும் இருக்கும். நடக்கும்போது அந்த மெத்தை அமுங்கி அதிர்வைத் தணிக்கும். ஓடும்போது தரையிலிருந்து வரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்காகும். அந்த விசையை மெத்தை உறிஞ்சிக்கொள்ளுமே தவிர, திருப்பித் தராது.

இதை அளந்து பார்த்த ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. ஓட்டத்தில் பாதம் உள்வாங்கிய ஆற்றலில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது என்று பார்த்தபோது, சாச் பாதம் 31 விழுக்காடும், 1980களில் வந்த சியாட்டில் பாதம் 52 விழுக்காடும், கார்பன் இழையாலான ஃப்ளெக்ஸ்-ஃபுட் 84 விழுக்காடும் தந்தன. இயற்கையான பாதமோ 241 விழுக்காடு தந்தது. நூறு வாங்கி இருநூற்று நாற்பது தருவது எப்படி என்று கேட்கத் தோன்றும். கெண்டைக்கால் தசை தன் பங்குக்குப் புதிய ஆற்றலைச் சேர்ப்பதால்தான் அது முடிகிறது. எந்தச் சுருள்வில்லும், எவ்வளவு உயர்ந்ததானாலும், வாங்கியதைவிட அதிகமாகத் தர இயலாது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இவை மீண்டும் தேவைப்படும்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கார்பன் பிளேடை எப்படிச் செய்கிறார்கள்? அதன் விறைப்பை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இதில் எனக்குத் திட்டப்பணி செய்ய விருப்பம். — மாணவி ஒருவர்

முதலில் பொருளைப் பார்ப்போம். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய கார்பன் இழைகளை ஒரே திசையில் அடுக்கி, எபாக்சி பிசினில் தோய்த்த தாள்களாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். பிசின் கெட்டியாகிவிடாமல் இருக்கக் குளிர்பெட்டியில் பாதுகாப்பார்கள். அந்தத் தாள்களை அளவாக வெட்டி, வளைந்த அச்சின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பத்து அடுக்குகள் ஒட்டி, காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்து இறுகச் செய்வார்கள். பட்டையின் நீளவாக்கில் ஓடும் இழைகள் வளைவைத் தாங்கும். குறுக்கே 45 பாகையில் சாய்த்து வைக்கும் இழைகள் முறுக்கைத் தாங்கும். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு எந்தத் திசையில் என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. உலோகமாக இருந்தால் தடிமனை மட்டுமே மாற்ற முடியும். இங்கே ஒரே பட்டையின் மேல்பகுதியைக் கெட்டியாகவும் நுனியை நெகிழ்வாகவும் செய்துகொள்ளலாம்.

அடுத்தது விறைப்பு. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் ஓடும்போது தரையிலிருந்து அவர் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை வருகிறது என்று கொண்டால், அது ஏறத்தாழ 1,700 நியூட்டன். பிளேடின் விறைப்பு மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்றால், அது 8.5 சென்டிமீட்டர் அமுங்கும். அதில் சேரும் ஆற்றல் சுமார் 72 ஜூல். விறைப்பை 30,000 ஆக உயர்த்தினால் அமுங்குவது 5.7 சென்டிமீட்டராகவும், சேரும் ஆற்றல் சுமார் 48 ஜூலாகவும் குறைந்துவிடும். அப்படியானால் நெகிழ்வான பிளேடுதானே மேல் என்று தோன்றும். அங்கேதான் காலக்கணக்கு குறுக்கிடுகிறது. நெகிழ்வான சுருள்வில் அமுங்கி எழுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நிதானமாக ஓடுபவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் கால் வினாடியை ஒட்டித் தரையில் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும் குறுந்தூர வீரருக்குக் கிடைப்பதோ சுமார் பத்தில் ஒரு வினாடி. பிளேடு விரிந்து முடிவதற்குள் கால் தரையைவிட்டுப் போய்விட வேண்டும் என்றால், சேமித்த ஆற்றல் வீணாகும். விரிந்து முடியும்வரை காத்திருந்தால் வேகம் குறையும்.

இந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளேடுக்கு மேலே முழங்காலும் இடுப்பும் இருக்கின்றன. பிளேடு விறைத்தால் அவை சற்று நெகிழ்ந்துகொடுக்கும், பிளேடு நெகிழ்ந்தால் அவை விறைத்துக்கொள்ளும். மூளை இந்தச் சரிக்கட்டலை நாம் அறியாமலே செய்துவிடுகிறது. இரு கால்களிலும் பிளேடு அணிந்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், நிதானமான ஓட்டத்தில் விறைப்பு குறைந்த பிளேடு உடலின் ஆற்றல் செலவைக் குறைப்பதாகத் தெரியவந்தது. முழு வேக ஓட்டத்தை ஆராய்ந்தபோதோ, விறைப்பைச் சற்றே கூட்டிக் குறைப்பதைவிடப் பிளேடின் வடிவமே வேகத்தைப் பாதித்தது. விற்பனைக்கு வரும் பிளேடுகளை எடைக்கு ஏற்ப எண்ணிட்ட வகைகளாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் இந்த எண்கள் உடல் எடையைத்தான் அறியும், அவர் ஓடும் விதத்தை அறியா. ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே வகைப் பிளேடைத் தந்து, ஒருவர் உற்சாகமாகவும் மற்றவர் முகம் சுளித்தும் திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் திட்டப்பணிக்கு ஒரு யோசனை. செயற்கைப் பாதங்களைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 22675 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அதன்படி பாதத்தை இயந்திரத்தில் மாட்டி, குதிகால் முதல் நுனிவரை சுமையேற்றி, 20 லட்சம் முறை திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஆனால் அந்தச் சுமையின் போக்கு நடையை ஒட்டி வகுக்கப்பட்டது. ஓடும் பாதத்துக்குக் குதிகாலே இல்லை, அதன்மேல் விழும் விசையோ மிக அதிகம். ஓட்டத்தின் சுமைப் போக்கை ஒட்டிய எளிய சோதனைக் கருவி ஒன்றை உங்களால் வடிவமைக்க முடிந்தால், கணினியில் அழகான படம் வரைவதைவிட அது பயனுள்ள பணியாக இருக்கும். கார்பன் பட்டையின் பழுது பெரும்பாலும் உள்ளே, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் பிரிவாகத் தொடங்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் நல்ல பகுதி கணீரென்றும், பிரிந்த பகுதி மந்தமாகவும் ஒலிக்கும்.

சில பிளேடுகள் அரைவட்டமாகவும் சில தூண்டில் முள் போலவும் இருக்கின்றனவே? — கல்லூரி மாணவர்

அரைவட்டமாக வளைந்தது, எஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணமான சாக்கெட்டுக்கு நேர் கீழே பொருத்தப்படுவது. அது செங்குத்தாக நன்றாக அமுங்கும், நெடுந்தூர ஓட்டத்துக்கு இதமானது. தூண்டில் முள் வடிவமுள்ளது பெரும்பாலும் சாக்கெட்டின் பின்பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கப்படும். குறுந்தூர ஓட்டத்துக்கு வீரர்கள் இதையே விரும்புகிறார்கள். எஞ்சிய கால் நீளமாக இருப்பவர்களுக்குக் கீழே இடம் போதாது என்பதாலும் பின்பக்கப் பொருத்தம் கைகொடுக்கும்.

ஐயா, எனக்கு நல்ல பிளேடு கிடைத்துவிட்டது. ஆனால் பத்து நிமிடம் ஓடினாலே எஞ்சிய காலின் முனையில் தோல் சிவந்து எரிகிறது. இன்னும் நெகிழ்வான பிளேடு வாங்கினால் சரியாகுமா? — விபத்தில் வலது காலை இழந்த இளைஞர்

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிளேடை மாற்ற அவசரப்படாதீர்கள். குறை பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்கும்.

பிளேடு எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும், அதன் விசை முழுவதும் உங்கள் உடலுக்குள் நுழைவது சாக்கெட் என்ற அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான். உள்ளங்காலின் தோல் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே தடித்து அமைந்தது. கெண்டைக்காலின் தோல் அப்படிப்பட்டதன்று. அந்த மெல்லிய தோலின்மீது, உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசையை, நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு முறை ஏற்றுகிறோம். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண், காலின் உட்பக்கத்துச் சரிவு ஆகிய இடங்கள் அழுத்தத்தை ஓரளவு தாங்கும். காலெலும்பின் முன்விளிம்பும், அது வெட்டப்பட்ட முனையும், வெளிப்புறத்துச் சிற்றெலும்பின் தலையும் தாங்கா. தாங்கும் இடத்தில் அழுத்தியும் தாங்காத இடத்தில் விலகியும் நிற்கும்படி சாக்கெட்டைச் செதுக்குவது மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை.

நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஓடத் தொடங்கும்போது பொருத்தமாக இருந்த சாக்கெட், பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது போலும். எஞ்சிய காலின் பருமன் நாள் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை; சாக்கெட்டுக்குள் அழுத்தப்பட்டு நீர் வெளியேறுவதால் கால் சற்று மெலியும். மெலிந்தவுடன் கால் கிண்ணத்துக்குள் ஆழமாக இறங்கி, அதன் முனை அடியில் இடிக்கும். அதோடு, லைனர் என்ற சிலிக்கோன் உறைக்குள் வியர்வை தேங்கினால் உறை வழுக்கி, ஒவ்வோர் அடிக்கும் சாக்கெட் மேலும் கீழும் ஊர்ந்து தோலைத் தேய்க்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அடுத்த முறை ஓடி முடித்தவுடன் உட்கார்ந்து லைனரைக் கழற்றி, தோலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எட்டாத பகுதிக்குச் சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பரவலான இளஞ்சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறையாத சிவப்பு, காசளவு வட்டமாக ஓரிடத்தில் மட்டும் நிற்கும் சிவப்பு, கொப்புளம், தோல் உரிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் படமெடுத்து, உங்கள் செயற்கைக் கால் நிபுணரிடம் காட்டுங்கள். தோல் ஆறும்வரை ஓட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, வியர்வையைத் துடைத்து, தேவைப்பட்டால் எஞ்சிய காலுக்கான மெல்லிய துணியுறை (ஸ்டம்ப் உறை) ஒன்றைக் கூடுதலாக அணிந்து ஓடிப் பார்ப்பதும் உதவும். அப்படிச் செய்து எரிச்சல் குறைந்தால், தளர்வுதான் காரணம் என்பது உறுதியாகும். நீரிழிவாலோ ரத்தக்குழாய் அடைப்பாலோ கால் இழந்தவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். வலிக்கவில்லை என்பதை நம்பாமல் அவர்கள் கண்ணால் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

புதிய பிளேடுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணம் இருந்தால், அதை ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு சாக்கெட் செய்வதற்குச் செலவிடுங்கள். நடைக்கான சாக்கெட்டின் அடியிலேயே பிளேடை மாட்டித் தருவது பரவலாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளேடின் கோணமும் முன்பின் நிலையும் ஓட்டத்துக்கு ஏற்ப வேறுபட வேண்டும். எடை ஏறும்போது பிளேடு அமுங்குவதால், அதைச் சற்று நீளமாகவே வைக்க வேண்டும். நிற்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் உயர்ந்து தெரிவது அதனால்தான். இவற்றையெல்லாம் நீங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்து அனுப்பிவிடுபவரிடம், ஒருமுறை மைதானத்துக்கு வந்து பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

என் தங்கைக்கு முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டிருக்கிறது. அவளும் ஓட முடியுமா? — அண்ணன் ஒருவர்

முடியும், ஆனால் பாதை நீளமானது. 1980இல் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த நிலையில், நாட்டைக் குறுக்கே கடக்கும் நோக்கத்துடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவருடைய ஓட்டத்தின் படச்சுருளைப் பார்த்தால், நல்ல காலால் இருமுறை துள்ளி, செயற்கைக் காலால் ஒருமுறை ஊன்றுவது தெரியும். செயற்கை முழங்கால் மடங்கி, ஆடி, மீண்டும் நேராகி முன்னே வந்து சேர நேரமாகும். அதுவரை காத்திருக்கவே அந்த இரண்டாவது துள்ளல். அது நேராகும் முன் எடையை வைத்தால் முழங்கால் மடிந்து விழ வேண்டியதுதான்.

இன்று ஓட்டத்துக்கென வரும் முழங்கால் மூட்டுகளில் உள்ள திரவ உருளை, கால் பின்னே அளவுக்கு மீறி உயராமல் தடுத்து, விரைவாக முன்னே கொண்டுவருகிறது. அதனால் இரு கால்களும் மாறி மாறி ஊன்றும் இயல்பான ஓட்டம் கைகூடுகிறது. ஆனாலும் பலர் முழங்கால் மூட்டே இல்லாத நேரான குழாயில் பிளேடைப் பொருத்தித்தான் முதலில் பழகுகிறார்கள். காலை வெளிப்புறமாக வீசி ஓட வேண்டியிருக்கும். பார்வைக்கு அழகாக இராது. ஆனால் மடிந்துவிடுமோ என்ற அச்சம் அறவே இல்லாததால், எடையை முழுதாக ஊன்றும் துணிவு வந்துவிடும். தங்கைக்கு முதலில் தேவை அந்தத் துணிவும், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளும் தசைகளின் வலுவும்தான்.

பிளேடு அணிந்தவர்களுக்கு மற்ற வீரர்களைவிடச் சாதகம் அதிகம் என்கிறார்களே, உண்மையா? — விளையாட்டு ஆர்வலர்

இரண்டாவது பதிலில் சொன்ன எண்களை நினைவுகூருங்கள். இன்றைய பிளேடு 90 விழுக்காட்டுக்கு மேல் ஆற்றலைத் திருப்பித் தந்தாலும், வாங்கியதைவிட அதிகமாக அதனால் தர முடியாது. தசை இல்லாத அந்தக் குறை பந்தயத் தொடக்கத்தில்தான் பளிச்சென்று தெரியும். நின்ற நிலையிலிருந்து உந்தி எழும்போது பிளேடு இன்னும் அமுங்கியிருக்காது, அமுங்காத பிளேடில் ஆற்றலும் இருக்காது. ஒரு காலில் மட்டும் பிளேடு அணிந்த குறுந்தூர வீரர்களை ஆராய்ந்தபோது, பிளேடுள்ள கால் தரையில் செலுத்தும் விசை மற்றக் காலைவிட 9 விழுக்காடு குறைவாக இருந்தது. வளைவிலும் சிக்கல் உண்டு. தடகளப் பாதையில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவதால், இடது காலில் பிளேடு அணிந்தவர் வளைவில் கூடுதலாகத் தடுமாறுகிறார்.

மறுபக்கமும் இருக்கிறது. பிளேடு இயற்கையான காலைவிட இலேசானது, களைப்படையாது. இரு கால்களிலும் அணிந்தவர்களுக்கு நீளத்தையும் கூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. இரு கால்களிலும் பிளேடு அணிந்து ஓடிய தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸுக்குத் தடகளக் கூட்டமைப்பு 2008 ஜனவரியில் விதித்த தடையை, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதிவரை அவர் ஓடினார். அவருக்காக ஆய்வு நடத்திய அறிவியலாளர்களே, பிறகு சாதகம் உண்டு என்றும் இல்லை என்றும் இரு அணியாகப் பிரிந்து எழுதினார்கள். 2020இல், அவரைப்போலவே இரு கால்களிலும் பிளேடு அணிந்த அமெரிக்க ஓட்ட வீரர் பிளேக் லீப்பரின் வழக்கில் அதே நீதிமன்றம், சாதகம் இல்லை என்று வீரரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி செல்லாது என்றது. ஆனால் லீப்பருடைய பிளேடுகள் அவரை இயல்புக்கு மீறிய உயரத்தில் நிறுத்துவதாகவும் முடிவுசெய்தது.

நீளம் தாண்டுதலில் ஜெர்மனியின் மார்க்குஸ் ரேம் 2023இல் 8.72 மீட்டர் தாண்டினார். பிளேடு அணிந்த வலது காலை ஊன்றியே அவர் எழும்புகிறார். ஓடிவரும் வேகத்தில் அவருக்குப் பாதகமும், எழும்பும் கணத்தில் சாதகமும் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டனர். இரண்டையும் கழித்துப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. செயற்கைக் கால் செய்யும் தொழிலை முறையாகக் கற்றவர் அவர் என்பது, இத்துறையில் இருக்கும் எனக்குத் தனிப்பட்ட பெருமை.

என் கருத்து இது: ஒரு காலில் பிளேடு அணிந்த ஓட்ட வீரருக்கு மொத்தத்தில் பாதகமே அதிகம். இரு கால் பிளேடில் உயரத்துக்கு வரம்பு தேவை. 2018 முதல் பாராலிம்பிக் போட்டிகளில், உட்கார்ந்த உயரம், தொடை நீளம் போன்ற அளவுகளிலிருந்து வீரரின் உயர வரம்பைக் கணக்கிடும் முறை கடுமையாக்கப்பட்டிருப்பது சரியானது. இந்த விவாதம் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீரர்களைப் பற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. பிளேடு தேவைப்படும் மற்றவர்களுக்குச் சிக்கல் சாதகம் அன்று. அது கைக்கு எட்டாத விலையில் இருப்பதுதான்.

பாதத்துக்குள் மோட்டார் வைத்துவிட்டால் தசையின் குறை தீர்ந்துவிடாதா? — ஓய்வுபெற்ற மின்பணியாளர்

நடைக்கு அப்படிப்பட்ட பாதம் ஏற்கெனவே வந்துவிட்டது. 1982இல் மலையேற்றத்தின்போது உறைபனியில் சிக்கி இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த ஹியூ ஹெர் என்ற அமெரிக்க அறிவியலாளர் அதன் முன்னோடி. ஓட்டத்தில் மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் உள்ள எடைதான் பெருந்தடை. காலின் நுனியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமையும் ஒவ்வோர் அடிக்கும் வீசி முன்னே கொண்டுவர வேண்டும். மோட்டார் தரும் உதவியின் ஒரு பகுதியை அந்த வீச்சே தின்றுவிடும். மேலும், ஓட்டத்தில் விசை உச்சத்தை எட்டுவது வினாடியின் சிறு பின்னத்தில். அதற்குள் அவ்வளவு திறனைத் தரவல்ல இலேசான மோட்டாருக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

பிளேடின் அடியில் எதை ஒட்டுவது? வெறும் பட்டை தரையில் வழுக்குகிறது. — ஆறு மாதமாக ஓடிப் பழகும் வாசகி

ஓட்டக் காலணி ஒன்றின் அடிப்பாகமே போதும். பழையதாக இருந்தாலும் குற்றமில்லை, ஆனால் முன்பகுதி தேயாமல் இருக்க வேண்டும். மேல்துணியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, அடிப்பாகத்தின் முன்பாதியை மட்டும் பிளேடின் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பிளேடின் பரப்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். இழை அறுந்தால் பிரிவு அங்கேதான் தொடங்கும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தால் போதும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, நுனியிலிருந்து பின்னோக்கி அழுத்தி ஒட்டுங்கள். பிளேடு வளையும்போது ஒட்டின் பின்விளிம்புதான் முதலில் எழும்பும். ஆகவே அந்த விளிம்பைச் சாய்வாகச் சீவி மெல்லியதாக்கிவிட்டு, இரவு முழுவதும் துணிக்கயிற்றால் இறுகக் கட்டி வையுங்கள். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பிளேடின் சாய்வோ உங்கள் கால் தரையில் வந்து விழும் விதமோ சரியில்லை என்று பொருள். அந்தத் தேய்ந்த துண்டைத் தூக்கி எறியாமல், அடுத்த முறை நிபுணரைப் பார்க்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.